வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் பாலர் கல்வி டிகிரி, முடியுமா?

சிப்புட்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியா, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட். டவுனில் ஒரு தனியார் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தாஸ்காவில் (குழந்தைகள் காப்பகத்தில்) கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன், அங்கே இருக்கும்போதுதான் குழந்தைப் பராமரிப்புக்கான பெர்மாத்தா கோர்ஸ் முடித்தேன். படிப்பு எஸ்.பி.எம். (பள்ளி இறுதிப் பரீட்சை) மட்டும்தான், வயது 34. கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள், மாமியார் எங்களோடு இருக்கிறார்.

இப்போது எங்கள் மேடம் டிப்ளோமாவாவது டிகிரியாவது எடுத்துவிடு, இனிமேல் தாள் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்கிறார். எனக்கும் ஆசைதான். டிப்ளோமா முடித்து மறுபடி டிகிரி என்று இழுப்பதைவிட நேரே டிகிரிக்கே போய்விடலாமா என்று பார்க்கிறேன். தினம் ஈப்போ போய் வர முடியாது, அதனால் ஆன்லைன்தான் சரிப்படும். ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்து நம்பர் கொடுத்தேன், அன்றிலிருந்து ஒருத்தர் விடாமல் கூப்பிடுகிறார். எஸ்.பி.எம். போதுமாம், வகுப்பே கிடையாதாம், இரண்டே வருடத்தில் டிகிரியாம், 500 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் இடம் பிடித்து வைப்பாராம்.

நான் கேட்க நினைப்பது இதுதான். எஸ்.பி.எம்.-ஐ மட்டும் வைத்துக்கொண்டு உண்மையிலேயே டிகிரியில் சேர முடியுமா? முடித்தால் தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்பில் அரசாங்க ஆசிரியை ஆக முடியுமா? என் ஆங்கிலம் சுமார்தான், மலாய் பரவாயில்லை. பணம் எங்கே புரட்டுவது என்பது அடுத்த தலைவலி. அப்புறம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருத்தர் “ஆயா வேலைக்கு எதுக்கும்மா டிகிரி” என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

பீடோர்_மலர்:

அக்கா, அந்த 500 வெள்ளியைக் கட்டவே கட்டாதீர்கள்!! முதலில் எம்.கியூ.ஏ. (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) இணையப் பக்கத்துக்குப் போய் எம்.கியூ.ஆர். பதிவேட்டைத் திறந்து, அந்தக் காலேஜ் பெயரையும் கோர்ஸ் பெயரையும் தட்டிப் பாருங்கள். அதில் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும். இருந்தாலும் ஒன்று கவனியுங்கள், சில காலேஜில் நேரில் போய்ப் படிக்கிற கோர்ஸுக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கும், அதே பெயரைக் காட்டி ஆன்லைனுக்கும் ஆள் பிடிப்பார்கள். தொலைதூரக் கல்வி முறைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

வகுப்பே கிடையாது என்று சொன்னதும் பொய். நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன், சனி ஞாயிறு ஆன்லைன் வகுப்பு உண்டு, இணையக் கலந்துரையாடலில் எழுதாவிட்டால் மார்க் போய்விடும். மற்றதைச் சீனியர்கள் சொல்வார்கள், எனக்கு நாளைக்கு அசைன்மெண்ட் அனுப்ப வேண்டும், ஓடுகிறேன்.

கமுந்திங்_டீச்சர்:

மலர் சொன்னதுதான் முதல் வேலை. நான் இந்தப் படிப்பை முடித்தவள், பாலர் பள்ளியில் முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே முடித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள் சிஸ்.

எஸ்.பி.எம்.-ஐ மட்டும் காட்டினால் எந்த நல்ல பல்கலைக்கழகமும் நேரடியாக டிகிரியில் சேர்த்துக்கொள்ளாது. எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவப் பரீட்சை), டிப்ளோமா மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும். ஆனால் உங்களைப் போல வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு ஏபெல் என்று ஒரு வழி இருக்கிறது, முன்அனுபவத்தை மதிப்பிட்டு உள்ளே விடுவது. டிகிரிக்கு 21 வயது தாண்டியிருக்க வேண்டும், சம்பந்தப்பட்ட வேலை அனுபவம் இருக்க வேண்டும். ஒரு பரீட்சை வைப்பார்கள், மலாய், ஆங்கிலம், கணக்கு, பொது அறிவு எல்லாம் கலந்து வரும். அதைவிட முக்கியம் போர்ட்ஃபோலியோ. நீங்கள் இத்தனை காலம் செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள். முதலாளி கடிதம், சம்பளச் சீட்டு, ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) அறிக்கை, போன கோர்ஸ்களின் சான்றிதழ், நீங்கள் தயாரித்த பாடத்திட்டம், பிள்ளைகளோடு செய்த நடவடிக்கைகளின் படங்கள் (பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு வையுங்கள்) எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்க வேண்டும். உங்கள் பெர்மாத்தா சான்றிதழ் இதில் நல்ல கனமான தாள், பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டு வருடக் கதைக்கு வருகிறேன். இங்கே ஒரு டிகிரிக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு என்று கணக்கு, வகுப்பு, வாசிப்பு, அசைன்மெண்ட் எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு இப்படி மூன்று பாடம் எடுத்தால் 360 மணி நேரம், பதினைந்து வாரத்தில் வகுத்துப் பாருங்கள், வாரம் 24 மணி நேரம் வரும். வேலை, வீடு, மாமியார், பிள்ளைகள் எல்லாம் போக அந்த 24 மணி நேரத்தை எங்கே தேடுவது? வருடத்துக்கு மூன்று செமஸ்டர் வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று பாடம் எடுத்தால்கூட நாலரை வருடம் ஆகும். இரண்டு பாடம் மட்டும் எடுத்தால் ஆறு வருடத்தைத் தாண்டிவிடும். இரண்டே வருடம் என்று சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் கூப்பிட மாட்டார்.

என்னோடு சேர்ந்தவர்களில் பாதியில் நின்றவர்கள் பெரும்பாலும் பாடம் புரியாமல் நிற்கவில்லை. முதல் செமஸ்டரிலேயே நாலு ஐந்து பாடத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு மூச்சு முட்டி நின்றவர்கள்தான். இரண்டே பாடத்தோடு ஆரம்பியுங்கள்.

சரி, உள்ளே என்னதான் படிப்போம்? பியாஜே, வைகாட்ஸ்கி, ஃபுரோபெல், மான்டிசோரி என்று குழந்தைக் கல்வி அறிஞர்களின் பெயர்கள் வரிசையாக வரும், முதலில் மிரட்சியாக இருக்கும். ஆனால் நமக்கு ஒரு வசதி, முழுநேரம் காலேஜில் உட்கார்ந்து படிக்கிற பெண்களுக்கு இல்லாதது. இரவு படித்ததைக் காலையில் பிள்ளைகளிடம் பார்த்துவிடலாம். பியாஜே சொன்ன அந்தத் தண்ணீர்ச் சோதனையை நான் மைலோ வைத்துச் செய்தேன். ஒரே மாதிரி இரண்டு குட்டைக் கிளாஸில் சமமாக ஊற்றி, சமம்தானே என்று நாலு வயதுப் பையனிடம் கேட்டேன், ஆமாம் என்றான். அவன் கண் முன்னாலேயே ஒரு கிளாஸில் இருந்ததை ஒல்லியான உயரமான கிளாஸுக்கு மாற்றினேன். உடனே உயரக் கிளாஸைக் காட்டி “இதுலதான் நிறைய, இது எனக்கு” என்று இழுத்துக்கொண்டான். இரண்டிலிருந்து ஏழு வயது வரை பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் முடிவு செய்யும் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. அந்தப் பையன் கிளாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு, நாலு வயதுப் பிள்ளையிடம் கூட்டல் கணக்குத் தாளை நீட்டுவது எவ்வளவு வெட்டி வேலை என்று புரிந்தது.

இன்னொன்று, அவதானிப்புக் குறிப்பு. இதில்தான் நம்மைப் போல அனுபவசாலிகள் முதலில் அடி வாங்குவோம். “பிடிவாதக்காரன், அடம் பிடித்தான்” என்று எழுதினால் மார்க் கிடையாது. நீ பார்த்ததை மட்டும் எழுது என்பார்கள். “நீலக் கட்டையை இரண்டு முறை தள்ளினான், வாசலைப் பார்த்தான், அம்மா எப்ப வருவாங்க என்று கேட்டான்” என்று எழுத வேண்டும். இப்படி ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், வகுப்பில் பாதிப் பிள்ளைகளைப் பற்றி நாம் ஏற்கெனவே ஒட்டி வைத்திருந்த முத்திரை எல்லாம் கழன்றுவிடும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். சில இடங்களில் மலாயிலேயே எழுதலாம், சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓப்பன் யுனிவர்சிட்டி மலேசியாவில் இந்தப் படிப்பு இருக்கிறது, ஈப்போவில் அவர்களுக்குக் கற்றல் மையமும் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். அங்கே மட்டும்தான் சேர வேண்டும் என்று சொல்லவில்லை, விசாரிக்க அது நல்ல இடம். கூகுளில் இருந்து வெட்டி ஒட்டாதீர்கள், கண்டுபிடிக்கிற மென்பொருள் எல்லாரிடமும் இருக்கிறது.

அந்தத் தாமான்காரருக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் இங்கே எழுதினால் மாடரேட்டர் நீக்கிவிடுவார் 😄

லூனாஸ்_அண்ணன்:

டீச்சர் எழுதியது எல்லாம் சரி, ஆனால் தங்கச்சி கேட்ட முக்கியக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார். அரசாங்க ஆசிரியை ஆக முடியுமா என்று கேட்டாரே. என் மனைவி பாலர் பள்ளி நடத்துகிறார், இந்த வாசலை எல்லாம் நாங்கள் தட்டிப் பார்த்தாயிற்று, அதனால் உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்பு கல்வி அமைச்சுக்குக் கீழே வருவது. ஒரு வகுப்பில் அதிகபட்சம் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஒரு பி.பி.எம். உதவியாளர். அந்த ஆசிரியர் இடம் கல்விச் சேவை ஆணையம் வழியாக வருவது, அதற்கு ஆசிரியர் பயிற்சியோடு சேர்ந்த பட்டம் வேண்டும். பெரும்பாலும் எஸ்.பி.எம். முடித்த கையோடு ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்குப் போன இளசுகள்தான் அங்கே வருவார்கள். குழந்தைப் பருவக் கல்வி என்று பட்டத்தில் போட்டிருப்பதாலேயே அது ஆசிரியர் பயிற்சிப் பட்டம் ஆகிவிடாது. இரண்டு வகைப் பட்டமும் பெயரில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், பிரோஷரைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இந்தப் பட்டத்தை வைத்து ஆணையத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா, மேற்கொண்டு ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா எடுக்க வேண்டுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், ஈமெயிலில் வாங்குங்கள். பள்ளிக்குள்ளே நுழைந்தால் போதும் என்றால் பி.பி.எம். வேலைக்கு எஸ்.பி.எம். போதும், அதற்கு டிகிரி தேவையே இல்லை, ஆள் எடுக்கும்போது போட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் இந்த டிகிரி எதற்கு? தனியார் பாலர் பள்ளியில் தலைமை ஆசிரியை ஆகலாம், சொந்தமாக ஒன்று திறக்கலாம், மேற்படிப்புக்கும் இது படி. ஆனால் சம்பளம் உடனே துள்ளிக் குதிக்கும் என்று கனவு காண வேண்டாம். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி, தோட்டப்புறத்து டவுனில் பல பாலர் பள்ளிகள் அதைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன, பெற்றோர் கட்டும் கட்டணமே அவ்வளவுதான். இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கடன் வாங்குங்கள்.

பணத்துக்கு முதலில் உங்கள் ஈ.பி.எஃப்.-ஐப் பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து கணக்கை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், படிப்புக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. உங்கள் சொந்தப் படிப்புக்கும் எடுக்கலாம், உங்கள் கணவர் அவருடைய கணக்கிலிருந்து உங்களுக்காகவும் எடுக்கலாம், பல பேருக்கு இது தெரிவதில்லை. அடுத்தது பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்விக் கடன்), வருடத்துக்கு 1 விழுக்காடு கட்டணம்தான், ஆனால் நீங்கள் எடுக்கும் கோர்ஸுக்கு அவர்கள் கடன் தருகிறார்களா என்று சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நகையை அடகு வைத்து முதல் செமஸ்டர் கட்டுகிற வேலை மட்டும் வேண்டாம் தங்கச்சி. இரண்டாவது செமஸ்டருக்கு என்ன செய்வீர்கள்?

கமுந்திங்_டீச்சர்:

அண்ணே, தாண்டிப் போகவில்லை, எழுதி எழுதிக் கை வலித்துவிட்டது. அரசாங்க வேலை பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளம் துள்ளாது என்பதற்காக டிகிரி எதற்கு என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் படித்த ஆசிரியை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யார் கிடைத்தாலும் சரி என்று விட்டுவிடலாமா? எங்கள் பள்ளிக்கு வந்த ரெடிமேட் பயிற்சித் தாளில் ஆங்கில எழுத்து ஐ என்றால் இக்ளூ, பனிக்கட்டி வீடு. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தரும் பனியைக் கண்டதில்லை. பாதிப் பேருக்கு வீட்டில் பாட்டியின் தமிழ் மட்டும்தான் காதில் விழுகிறது. ரப்பர் கொட்டையைப் பொறுக்கி வரச் சொல்லி எண்ண வைத்தேன், பெரியது சின்னது பிரிக்க வைத்தேன், ஒருத்தன் அதைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பெண்ணின் கையில் வைத்துவிட்டான், அங்கிருந்து சூடு எப்படி வந்தது என்று பேச்சு போனது. இதையெல்லாம் பாடமாக ஆக்கலாம், திட்டத்தில் எந்த இடத்தில் சேர்க்கலாம், மேலதிகாரி வந்தால் எப்படி எடுத்துச் சொல்லலாம் என்பதை எனக்கு அந்தப் படிப்புதான் கற்றுக்கொடுத்தது.

சிப்புட்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அந்த ஆளின் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அண்ணன் சொன்னது முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். தாஸ்காவில் இருந்த காலத்துக்கு எனக்கு ஈ.பி.எஃப். கட்டவே இல்லை, சம்பளம் கையில் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை எப்படிக் காட்டுவது? இரண்டாவது, கடைசியில் பிராக்டிகம் (பள்ளியில் செய்யும் நேரடிப் பயிற்சி) இருக்கிறதாமே, அதை நான் இப்போது வேலை செய்யும் இடத்திலேயே செய்யலாமா? எங்களுடையது கடைவீட்டு மாடியில் இருக்கும் கிளை, மெயின் பள்ளி வேறு இடத்தில் இருக்கிறது.

ஆயாக்கொட்டகை_பையன்:

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் நான், பெயரைப் பார்த்துப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், அப்பா அம்மா விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய்விட்டால் நான் வளர்ந்தது ஆயாக் கொட்டகையில்தான். கயிற்றில் புடவைத் தொட்டில் வரிசையாகத் தொங்கும், ஒரு பாட்டி இரண்டு கையாலும் இரண்டு தொட்டிலை ஆட்டிக்கொண்டே மூன்றாவதைக் காலால் ஆட்டுவார். குறை சொல்லவில்லை, அந்தக் கை இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் இன்றைக்குத் தாஸ்கா விதிப்படி ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும். 1990-இல் வந்த தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டத்தில் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கும் விதி இருக்கிறது. காப்பகம் என்பது பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிற இடம் என்ற எண்ணம் மாறுவதற்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. உங்கள் தாமான்காரர் இன்னும் அந்தக் கொட்டகையிலேயே நிற்கிறார், விடுங்கள்.

அவரிடம் பேசியே தீர வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள். மான்டிசோரி அம்மையார் டாக்டருக்குப் படித்தவர். அவர் 1907-இல் ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தம் முதல் பள்ளியைத் திறந்தார், பெற்றோர் வேலைக்குப் போனபின் ஆளில்லாமல் திரிந்த பிள்ளைகளுக்காக. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஆயா வேலைக்கு அந்த அம்மையார் போதாதாமா என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. தாஸ்கா முதலாளியிடம் இப்போதே போய்க் கடிதம் கேளுங்கள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை, எந்த வயதுப் பிள்ளைகள் என்று லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் முத்திரையும் போட்டு. நல்லபடியாகப் பேசிக் கேளுங்கள், ஈ.பி.எஃப். பேச்சை அதே மூச்சில் எடுத்தால் கடிதமும் வராது, அது வேறொரு நாளைக்கு. சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டினார்களா என்று பாருங்கள், சில இடத்தில் அதை மட்டும் கட்டியிருப்பார்கள். பெர்மாத்தா கோர்ஸுக்கு உங்களை அனுப்பியபோது கொடுத்த பாரத்தில் தாஸ்காவின் பெயர் இருக்கும், அதுவும் ஆதாரம்தான்.

பிராக்டிகம் விஷயத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வேலை பார்க்கிற இடத்திலேயே செய்ய விடுவார்களா என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதியைப் பொறுத்தது, ஆனால் பதிவு இல்லாத இடத்தை எவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். தாஸ்கா என்றால் சமூகநல இலாகாவில் பதிவு, பாலர் பள்ளி என்றால் கல்வி இலாகாவில் பதிவு. மெயின் பள்ளிக்குப் பதிவு இருக்கலாம், மாடியில் இருக்கும் கிளைக்குத் தனியாக இருக்கிறதா? பதிவுச் சான்றிதழில் இருக்கும் முகவரியைப் படியுங்கள். கடைவீட்டு முகவரி அதில் இல்லையென்றால் மேடத்திடம் இப்போதே பேசுங்கள். படிக்கச் சொன்னவரே அவர்தானே, கிளையைப் பதிவு செய்யட்டும், இல்லையென்றால் பிராக்டிகம் காலத்துக்கு உங்களை மெயின் பள்ளிக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கொடுக்கட்டும்.

சிப்புட்காரி:

ஐயா, மாடியில் மாட்டியிருந்த சான்றிதழை இன்று காலையில் பார்த்தேன். முகவரி மெயின் பள்ளியுடையதுதான். மேடத்திடம் கேட்டேன், “கிளைக்கு மனு போட்டாச்சு, தீயணைப்பு இலாகா ஆள் வந்து பார்க்கணும்” என்றார். எப்போது போட்டது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மெயின் பள்ளிக்கு மாற்றித் தருவதாக எழுதித் தரக் கேட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார். தாஸ்கா முதலாளி அம்மா கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார், லெட்டர்ஹெட் தீர்ந்துவிட்டதாம், அச்சடித்ததும் கூப்பிடுவாராம்.

லூனாஸ்_அண்ணன்:

அச்சடிக்கும் வரை காத்திருக்காதீர்கள் தங்கச்சி. நீங்களே கடிதத்தை டைப் செய்து, மேலே தாஸ்கா பெயர், பதிவு எண், முகவரி போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போடட்டும். இரண்டு பிரதி.